கூலரா, கார் ஃப்ரிட்ஜா? வாங்குபவர்களின் கேள்விகள்

கேள்வி: வண்டியிலேயே தங்கி இரண்டு மூன்று நாள் பயணம் போவோம். பால், காய்கறி, கொஞ்சம் இறைச்சி எடுத்துப்போக வேண்டும். தெர்மோஎலக்ட்ரிக் கூலர் மலிவு, கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் பல மடங்கு விலை. எதை வாங்கலாம்?

பதில்: இறைச்சி என்று எழுதிவிட்டீர்கள், அதனால் கம்ப்ரசர்தான். தெர்மோஎலக்ட்ரிக் கூலரில் இருப்பது ஒரு சின்னத் தகடு. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கத்துச் சூட்டை மறுபக்கம் தள்ளும், ஃபேன் அதை வெளியே ஊதும். 1834-ல் பெல்டியே கண்டறிந்த விளைவு இது. வெளிச்சூட்டிலிருந்து சுமார் 15 முதல் 20 டிகிரி குறைப்பதுதான் அதன் சக்தி. வெளியே 25 என்றால் நன்றாகவே இருக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 45 என்றால் பெட்டிக்குள் 25-க்குக் கீழே இறங்காது. பாலும் இறைச்சியும் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. தண்ணீர், பழம், கூல்டிரிங்க்ஸ் மட்டும் என்றால் கூலரே போதும், வீணாகச் செலவு செய்ய வேண்டாம்.

கேள்வி: கூலர் 48 வாட், ஃப்ரிட்ஜ் 45 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் பேட்டரி செலவு ஒன்றுதானே?

பதில்: இல்லை. கூலர் பெரும்பாலும் நிற்காமல் ஓடும்: 48 வாட், 24 மணி நேரம், 1152 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் அது 96 ஆம்பியர்-மணி. கம்ப்ரசர் வேண்டிய குளிர் வந்ததும் நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 360 வாட்-மணி, அதாவது 30 ஆம்பியர்-மணி. வெயில் ஏறினாலும், மூடியை அடிக்கடி திறந்தாலும் இது கூடும். ஆனாலும் கூலர் அளவுக்குப் போகாது. சோலார் பேனலையும் தனி பேட்டரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவான பெட்டிதான் அதிகச் செலவு வைக்கும்.

கேள்வி: கூலருக்குள் ஐஸ் போடலாமா?

பதில்: உறைய வைத்த ஜெல் பேக் போடலாம். உதிரி ஐஸ் வேண்டாம், உருகிய தண்ணீர் ஃபேனுக்குள் இறங்கும்.

கேள்வி: இணையத்தில் 'மினி ஃப்ரிட்ஜ், 5 டிகிரி' என்று பார்த்து வாங்கினேன். படத்தில் ஐஸ்கட்டி எல்லாம் இருந்தது. முதல் பயணத்திலேயே குடும்பத்துக்கே கொண்டுபோன உணவு கெட்டுப்போனது. 'பொருளில் குறை இல்லை, திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. இந்தப் பெட்டிகளை விற்கும் விதத்தைப் பார்த்து எனக்கு வருடக்கணக்காக ஆற்றாமை. ஐஸே பிடிக்காத பெட்டிக்கு ஐஸ்கட்டிப் படம். இரண்டு வகைக்கும் ஒரே பெயர், 'போர்ட்டபிள் ஃப்ரிட்ஜ்'. நான் வாங்கிய ஒன்றில் முன்பக்கம் முழுக்க '5 டிகிரி' என்று இருந்தது. '25 டிகிரி அறையில் அளந்தது' என்ற வரி உள்ளே இருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில். கையேட்டைப் படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். பெட்டியைப் பிரிக்காமல் கையேட்டை எப்படிப் படிப்பது? வெளிச்சூட்டைச் சொல்லாத குளிர் அளவு வாங்குபவரை ஏமாற்றும் எண்தான். எந்த வெளிச்சூட்டில் அளந்தது என்பதையும் பெட்டியின் முன்பக்கத்தில், அதே எழுத்து அளவில் போட வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. விளம்பரப் பக்கத்தைப் படத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளை அதை மாற்றிவிடுவார்கள். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகத் தெர்மாமீட்டர் வைத்துப் போட்டோ எடுங்கள். புகாரில் 'பழுது' என்று எழுதாதீர்கள், 'விளம்பரத்தில் சொன்னபடி இல்லை' என்று எழுதுங்கள். பழுது இல்லை என்று தப்பிக்கும் வழி அதோடு அடைபடும். விற்றவர் மசியவில்லை என்றால் அந்த விற்பனைத் தளத்துக்கும், கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கிக்கும், அப்புறம் நுகர்வோர் அமைப்புக்கும் போங்கள்.

மற்றவர்களுக்கு: விவரப் பட்டியலில் ஆர்134ஏ, ஆர்600ஏ என்று வாயுவின் பெயர் இருந்தால் அது கம்ப்ரசர். சூடு, குளிர் இரண்டுக்கும் ஸ்விட்ச் இருந்தால் பெரும்பாலும் தெர்மோஎலக்ட்ரிக்.

கேள்வி: இரவு முழுக்கக் கூலரை வண்டி பேட்டரியில் போட்டிருந்தேன். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இது மூன்றாவது முறை. கூலர் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: முதல் முறையே தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு 4 ஆம்பியர்-மணி வீதம் 10 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி போய்விடும். பல கார் பேட்டரிகளின் மொத்தமே 45 முதல் 60 வரைதான். என்ஜின் நின்றதும் பிளக்கைக் கழற்றுங்கள், இல்லையென்றால் தனி பேட்டரி வையுங்கள். நஷ்டஈடு கிடைக்காது.

கேள்வி: பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆனாலும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 'லோ வோல்டேஜ்' காட்டி நின்றுவிடுகிறது. மெக்கானிக் போர்டையே மாற்றச் சொல்கிறார்.

பதில்: பணம் கொடுக்காதீர்கள். லைட்டர் சாக்கெட்டுக்கு வரும் வயர் பெரும்பாலும் மெல்லியது. கம்ப்ரசர் கிளம்பும்போது கரண்ட் இழுத்ததும் அதில் வோல்டேஜ் விழும், ஃப்ரிட்ஜ் பேட்டரி காலி என்று நினைத்துக்கொள்ளும். தடித்த வயரில், நடுவில் ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து நேரே கொடுத்துப் பாருங்கள். ஓடினால் போர்டில் கோளாறு இல்லை.

கேள்வி: அம்மாவின் இன்சுலினுக்குக் கூலர் போதுமா?

பதில்: போதாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கூலர் அதற்கு உத்தரவாதம் தராது. கம்ப்ரசரிலும் கவனம் வேண்டும்: உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. ஃப்ரிட்ஜை 5 டிகிரியில் வைத்து, மருந்தைச் சுவரை ஒட்டாமல் நடுவில் வையுங்கள். தனித் தெர்மாமீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும். திறந்த இன்சுலின் பேனாவை எத்தனை நாள் வெளியே வைக்கலாம் என்பதை மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வாங்கி, பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். உடனே ஓட்டலாமா? விற்றவர் ஓட்டிக் காட்டவில்லை.

பதில்: நிமிர்த்தி வைத்து, சில மணி நேரம் விட்டு ஓட்டுங்கள். ஓட்டிக் காட்டாத ஃப்ரிட்ஜுக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள்? குளிரவில்லை என்றால் இன்றைக்கே அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.