விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீர்கள்

கேள்வி: வயது 42. ஓராண்டாக யோகா செய்கிறேன். தினமும் காலை 5 மணிக்கு 12 சூரிய நமஸ்காரம் என்பது என் கணக்கு. இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் 36 செய்து ஈடுகட்டுவேன். இப்போது குனிந்தால் புட்டத்துக்கு அடியில் சுரீரென்று வலிக்கிறது. ஆனால் குறைத்துக்கொண்டால் சோம்பேறி ஆகிவிடுவேனோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: முதலில் வலியைக் கவனிப்போம். நாற்காலியில் உட்காரும்போது அழுந்துமே ஓர் எலும்பு, தொடையின் பின்தசைகள் தசைநாணாக அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. குனியும்போது தொடை நடுவில் பரவலாக இழுத்தால் பயமில்லை. எலும்பை ஒட்டி ஒரே புள்ளியில் சுரீரென்றால் நாண் நொந்திருக்கலாம். ஒரு சுற்று சூரிய நமஸ்காரத்தில் இரண்டு முறை குனிகிறீர்கள். 36 சுற்றுக்கு 72 முறை. அதுவும் இரண்டு நாள் சும்மா இருந்த உடம்போடு! 'நல்லா இழுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்று இன்னும் ஆழமாகக் குனிபவர்கள்தான் இந்த வலியை மாதக்கணக்கில் சுமக்கிறார்கள். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் ஆறும். சில வாரங்களுக்கு, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் வேண்டாம். குனிய வேண்டி வந்தால் முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தாலே வலித்தாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இனி அந்த பயம். 15ஆம் நூற்றாண்டு நூலான ஹடயோகப் பிரதீபிகை, யோகத்தைக் கெடுப்பவை என்று ஆறு விஷயங்களைச் சொல்கிறது. மிதமிஞ்சிய சாப்பாடு, ஓயாத பேச்சு இவற்றோடு, உடம்பை வருத்தும் உழைப்பும் நியமத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உரை எழுதிய பிரம்மானந்தர் இந்த விடாப்பிடிக்கு உதாரணமாகச் சொல்வது எதைத் தெரியுமா? விடியற்காலைப் பச்சைத்தண்ணீர்க் குளியலை! அடுத்த சுலோகமே யோகத்துக்குக் கைகொடுப்பவை என்று உற்சாகத்தையும் துணிவையும் சொல்லிவிடுகிறது. ஆகவே சோம்பலுக்கும் அங்கே இடமில்லை. கடுமைக்குப் பேர்போன மைசூர் அஷ்டாங்க முறையில்கூட அமாவாசை, பௌர்ணமி, வாரத்தில் ஒரு நாள் என்று விடுமுறை உண்டு.

நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: பாயில் வந்து உட்காருவதில் கறாராக இருங்கள், உட்கார்ந்த பிறகு தாராளமாக இருங்கள். இப்போதைக்குச் சுற்றுக் கணக்கை விட்டுவிட்டு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளில் மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை நாற்காலி மேல் போட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள். அன்றும் வருகைப் பதிவு உண்டு.

'சோம்பலா அசதியா, எப்படித் தெரியும்?' என்று கேட்பீர்கள். ஐந்து நிமிடம் மெதுவாக ஆரம்பித்துப் பாருங்கள். உடம்பு இளகி வந்தால் அது சோம்பல், தொடருங்கள். இன்னும் கனத்தால் அசதி, படுத்துவிடுங்கள். செய்யும்போது அளவுகோல் மூச்சுதான். வகுப்பில் ஒருவர் குனிந்து கால் விரலைப் பிடித்துவிட்டாரா என்று நான் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன். தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு அடைத்து நின்றால் கையை முழங்காலுக்கு ஏற்றச் சொல்வேன். பெரும்பாலும் அடுத்த மூச்சிலேயே முகம் தளர்ந்துவிடும். யோக சூத்திரம் தந்த பதஞ்சலியும் ஆசனத்துக்கு உறுதி, சுகம் இரண்டையும் சேர்த்தே இலக்கணமாக வைத்தார். நம்மில் பலர் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

வலி போன பிறகு சூரிய நமஸ்காரத்தை 4 சுற்றில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு சுற்று வீதம் கூட்டுங்கள். பழையபடி 12க்கு வந்த பின் இரண்டு நாள் விட்டுப்போனால், மூன்றாம் நாள் 6 போதும்.