கயிற்றோரத்துக் கதிர்

அன்புள்ள ஐயா,

வேளாண் புள்ளியியலில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். இந்திய வேளாண் புள்ளியியல் சங்கத்தின் வரலாற்றைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தலைவர்கள் பட்டியல், மாநாடு நடந்த ஊர்கள் என்று தேடத் தேட அலுப்புத்தான் வருகிறது. பொன்னாடையும் குரூப் போட்டோவும்தானே எல்லாச் சங்கங்களின் வரலாறும்? அப்பாவிடம் சொன்னேன். "பயிர் அறுவடைச் சோதனையே ஒரு சடங்கு, அதுக்கு ஒரு சங்கமா?" என்றார். ஊர் விளைச்சலைக் கணக்கிட வயலில் ஒரு துண்டை அறுத்து எடைபோடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறார். அவர் சொல்வதுதான் சரி என்று படுகிறது. இதை எப்படிச் சுவையாக எழுதுவது? தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் பயிர்க் காப்பீட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கண்மாய்க்கரைதான். ஒரே மழை, ஒரே வறட்சி. ஆகவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைவர்கள் பட்டியலை விட்டுத்தள்ளுங்கள். தமிழில் யார் படிப்பார்கள் என்று எழுதுவதற்கு முன்பே கவலைப்படுவது உங்கள் வயதுக்கு அழகில்லை. ஆனால் அந்தச் 'சடங்கு' விஷயத்தை விடமாட்டேன். அப்பா சொல்லலாம். மணி பிடிக்காமல் சாவியாய்ப்போன வயலைப் பார்த்து வயிறெரிந்தவர் அவர். புள்ளியியல் படிக்கிற நீங்கள் அதையே திருப்பிச் சொன்னால் அது படிக்காத குற்றம்.

சங்கம் பிறந்தது 1947-இன் தொடக்கத்தில். முதல் தலைவர் ராஜேந்திர பிரசாத். இடைக்கால அரசில் உணவும் வேளாண்மையும் அப்போது அவர் பொறுப்பில் இருந்தன. வங்கத்துப் பஞ்சம் முடிந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. நாட்டில் எவ்வளவு நெல் விளைகிறது என்று சொல்ல அந்நாளில் பெரும்பாலும் கண்மதிப்புத்தான் இருந்தது. கிராம அலுவலர் வரப்பில் நின்று பார்ப்பார், 'பன்னிரண்டு அணா விளைச்சல்' என்று எழுதுவார். பதினாறு அணா என்றால் முழு விளைச்சல். பசித்த நாட்டின் சோற்றுக் கணக்கு அந்த அணாக்களில் ஓடியது.

இதை மாற்றியாக வேண்டும் என்று நின்றவர்களில் பி.வி. சுகாத்மே முக்கியமானவர். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் புள்ளியியல் பிரிவை நடத்தியவர், சங்கத்தை நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். கல்கத்தாவில் இன்னொரு புள்ளியியலாளர், மகலனோபிஸ் இருந்தார். குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, ஒரு துண்டை அறுத்து எடைபோட வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. அந்தத் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. மகலனோபிஸ் சின்னச் சின்ன வட்டங்களைப் பல இடங்களில் அறுக்கலாம் என்றார். சின்னத் துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று சுகாத்மே கள ஆய்வு நடத்தி எழுதினார். பெரிய துண்டுதான் அரசு வழக்கத்தில் நிலைத்தது.

ஏன் கூட்டிக் காட்டும்? நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் சதுரத்தில் நாலு பக்கமும் 10 சென்டிமீட்டர் வெளியே போய் அறுத்துவிட்டால் பரப்பு 44 சதவீதம் கூடிவிடும். அதே தப்பு ஐந்து மீட்டர் சதுரத்தில் நடந்தால் 8 சதவீதம். தப்பு நடப்பது ஓரத்தில். துண்டு சிறுத்தால் ஓரமே வயலாகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே உப்பூருக்கு மேற்கே என் சித்தப்பா வயலில் பார்த்துவிட்டேன். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து தப்படி வைத்து வந்து, நாலு சீமைக்கருவேல முளைகளை அடித்து, ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டினார்கள். நம் பக்கம் புழுதி விதைப்பு, காய்ந்த மண்ணில் நேரே விதைப்பது. நடவு வயல் மாதிரி குத்துக் குத்தாகப் பிரிந்து நிற்காது, தூர் எது யாருடையது என்று தெரியாமல் பின்னிக் கிடக்கும். போதாததற்குக் கடல்காற்றில் கதிரெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. அறுக்க வந்த அக்கா வழக்கம்போல ஒரு பிடி சேர்த்துப் பிடித்தார். அந்தப் பிடிக்குள் கயிற்றுக்கு வெளியே வேர்விட்ட தாள்களும் வந்துவிட்டன. சித்தப்பா பதறிப்போனார். "ஏத்தா, அது தூர் அங்கிட்டு இருக்கு, கதிருதான் இங்கிட்டுச் சாஞ்சிருக்கு, விட்ருத்தா!" வந்திருந்த இளம் அலுவலருக்கு அவர் எதற்குக் கத்துகிறார் என்றே புரியவில்லை. ரெண்டு கதிருக்கா இவ்வளவு என்று கேட்டார்.

ரெண்டு கதிர்தான். ஆனால் அந்த 25 சதுர மீட்டர் ஒரு ஹெக்டேரில் நானூற்றில் ஒரு பங்கு. களத்தில் கால் கிலோ நெல் கூடினால் காகிதத்தில் ஹெக்டேருக்கு 100 கிலோ கூடும். பயிர்க் காப்பீட்டில், கடந்த 7 வருடங்களில் நல்ல 5 வருடங்களின் சராசரியை வைத்து ஒரு வரம்பு போடுகிறார்கள். சோதனையில் வரும் ஊரின் விளைச்சல் அந்த வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் விளைச்சல் இழப்புக்கான பணம். கிராமத்துக்குக் குறைந்தது 4 சோதனை என்பது விதி. நாலும் சேர்ந்தால் 100 சதுர மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். மேட்டில் உவர் பூத்து, பள்ளத்தில் மட்டும் பச்சை நிற்கிற நம் கடற்கரை ஊர்களில் அந்த இரண்டரை சென்ட் எங்கே விழுகிறது என்பதில் ஊரின் ஒரு வருடம் இருக்கிறது. துண்டின் அளவுக்குச் சண்டை போட்டு ஒரு தலைமுறை வழி கண்டது. இந்த 4 என்ற எண்ணுக்கு உங்கள் தலைமுறைதான் சண்டை போட வேண்டும். அதற்கான கணக்கு உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டா அலுப்பு என்கிறீர்கள்?

விவசாயிகளும் கயிற்றை உள்ளே இழுக்கச் சொல்வதுண்டு, சாவிக் கதிர் நிற்கிற பக்கமாகத் துண்டைத் தள்ளச் சொல்வதுண்டு. அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நம் ஆட்கள் என்பதற்காக விடாதீர்கள்.

சங்கத்தின் பத்திரிகை 1948 முதல் வருகிறது. அதன் பழைய தொகுதிகளை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள், மாநாட்டு மலர்களை அல்ல. தை பிறந்ததும் உங்கள் ஊரில் சோதனை நடக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு டேப்போடு போய் நில்லுங்கள். கயிறு கட்டியபின், அறுக்கும் முன், நாலு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க அனுமதி கேளுங்கள். மூலைவிட்டம் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வர வேண்டும். வருகிற அளவைக் கட்டுரையில் சேர்த்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்