சின்னப் பழம் எல்லாம் மட்டி ஆகாது: தோட்டத்து வாழையை இனம் காண்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டியது. அப்பா வைத்த வாழை மூடு ஒன்று வழிவழியாகக் கன்று விட்டு வருகிறது. பழம் சிறியது, தோல் மெல்லியது, நல்ல மணம். வீட்டில் மட்டி என்றே சொல்லிப் பழக்கம். குலை வாங்க வருபவர் ஞாலிப்பூவன் என்கிறார். கன்று கேட்டு வந்த பக்கத்துத் தோட்டக்காரர் பூவன் என்கிறார். என்ன ரகம் என்று தெரிந்துகொண்டுதான் கன்று கொடுக்க நினைக்கிறேன். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் சரி, ஐயா. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு வாழை அந்தப் பெயரில் பரவினால், கன்று வாங்கியவர் ஒரு வருடம் பாடுபட்ட பிறகுதான் ஏமாந்தது தெரியவரும்.

பெயர்களை நம்பி இறங்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் இரண்டு ஊர் வழக்கும் கலந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் நாம் பூவன் என்பதைக் கேரளத்தில் பாளையங்கோடன் என்பார்கள். அங்கே பூவன் என்றால் நம்முடைய ரஸ்தாளி. ஞாலிப்பூவன்தான் நமக்கு நெய்ப்பூவன். அதனால் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன பூவன் எந்தப் பூவன் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பழத்தின் அளவும் கைவிடும். தண்ணீர் குறைந்த மறுதாம்பில் (குலை வெட்டியபின் பக்கக்கன்றிலிருந்து வரும் அடுத்த விளைச்சலில்) பூவன் காயும் சிறுத்துப்போகும். ஒரே குலையில் முதல் சீப்புக் காயும் கடைசிச் சீப்புக் காயும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ரகத்தைக் காட்டிக்கொடுப்பது இலைக்காம்பும் பூவும்தான்.

நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்யூமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளின் வழி வந்தவை. முன்னதை ஏ என்றும் பின்னதை பி என்றும் குறிப்பார்கள். ஒரு ரகத்தில் எதன் பங்கு எத்தனை என்பதை இந்த எழுத்துகளை அடுக்கிக் காட்டுவார்கள். மட்டி ஏஏ வகை. அதில் பி கலப்பே இல்லை. நெய்ப்பூவன் ஏபி, பூவன் ஏஏபி. ஆகவே உங்கள் வாழையில் பி-யின் சாயல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் வழி பாதி தெளிந்துவிடும்.

குலை தள்ளும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே இலைக்காம்பைப் பாருங்கள். மேல் பக்கத்துப் பள்ளம் வாய் அகன்று, ஓரங்கள் நிமிர்ந்தோ விரிந்தோ இருந்தால் அது ஏ-யின் அடையாளம். ஓரங்கள் உள்நோக்கி மடங்கிப் பள்ளத்தை மூடப் பார்த்தால் பி கலந்திருக்கிறது. தண்டில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் நிறைய இருப்பது ஏ-யின் குணம். பி கூடக்கூடத் திட்டு குறையும்.

அடுத்த குலையில் வாழைப்பூவைச் சமையலுக்கு ஒடித்துவிடாதீர்கள். ஒரு மூட்டிலாவது விட்டுவையுங்கள். மிக முக்கியமான சாட்சி அதில்தான் இருக்கிறது. பூமடல் திறந்தபின் பின்னோக்கிச் சுருண்டால் ஏ. சுருளாமல் தூக்கி மட்டும் நின்றால் பி. மடலின் நுனி கூர்மையாக இருந்தால் ஏ, மழுங்கி அகன்றிருந்தால் பி. உள்பக்கச் சிவப்பு அடிப்பகுதிக்கு வரவர வெளுத்து மஞ்சளானால் ஏ. அடிவரை ஒரே அடர் சிவப்பாக இருந்தால் பி. ஆண்பூ வெண்மஞ்சளா, இளஞ்சிவப்பு ஓடியதா என்றும் பாருங்கள். இளஞ்சிவப்பு பி-யின் பக்கம். குலைத்தண்டைத் தடவிப் பாருங்கள்: பூனைமயிர் தட்டுப்பட்டால் ஏ, வழுவழுப்பாக இருந்தால் பி. பிஞ்சுக் காயைக் கீறினால் ஒவ்வொரு அறையிலும் சூல்கள் (விதையாக வேண்டிய சிறு புள்ளிகள்) ஒழுங்கான இரண்டு வரிசையில் இருப்பது ஏ. ஒழுங்கில்லாத நான்கு வரிசை பி.

இப்படிப் பதினைந்து குணங்களை எடுத்து, ஏ-யின் சாயலுக்கு 1, பி-யின் சாயலுக்கு 5, இடைப்பட்டதற்கு நடுவில் ஒரு மதிப்பெண் என்று கூட்டும் முறையை 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்தார்கள். 15 முதல் 23 வரை வந்தால் ஏ மட்டும் உள்ள வாழை, 24 முதல் 46 வரை ஏஏபி, 49-ஐ ஒட்டி வந்தால் ஏபி. நீங்கள் அத்தனையையும் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மேலே சொன்ன எல்லாமே ஏ பக்கம் சாய்ந்தால் உங்கள் வீட்டு வழக்கம் பெரும்பாலும் சரி. இரண்டும் கலந்து வந்தால் அது மட்டி இல்லை. பூவனா நெய்ப்பூவனா என்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்கு இளம் இலையின் நடுநரம்பைப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ரோஜா நிறம் ஓடினால் பூவன். பழத்தில் லேசான புளிப்பும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நெய்ப்பூவன் மெலிந்த வாழை. காய் கரும்பச்சையாக இருந்து பொன்மஞ்சளாகப் பழுக்கும், சதை கெட்டியாக மாவுபோல் இருக்கும், புளிப்பு தெரியாது.

கண்ணால் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மட்டியிலேயே செம்மட்டி, தேன்மட்டி என்று வகைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க இந்தக் கணக்கு போதாது. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் ரகச் சேகரிப்பு உண்டு. இலைக்காம்பின் குறுக்குவெட்டு, தண்டு, திறந்த பூமடலின் உள்ளும் புறமும், முழுக்குலை ஆகியவற்றின் படங்களோடு அவர்களை அணுகுங்கள்.

எந்த ரகமாக முடிந்தாலும் அப்பா வைத்த மூட்டை அழித்துவிடாதீர்கள். கன்று கொடுப்பதற்குமுன் நோயையும் பாருங்கள். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நெருங்கினால் அது முடிக்கொத்து நோய். அந்த மூட்டில் ஒரு கன்றும் எடுக்கக் கூடாது, மூட்டையே கிழங்கோடு அழிக்க வேண்டும். நெய்ப்பூவனாக இருந்தால் வாடல் நோய் எளிதில் பிடிக்கும். வாடல் கண்ட தோட்டத்திலிருந்து கன்று போகவே கூடாது. பூவன் வாடலைத் தாங்கும், ஆனால் இலையில் மஞ்சள் கீற்றுகள் தெரிந்தால் அது வைரஸ் கீற்று நோயாக இருக்கலாம்; அந்த மூட்டிலிருந்தும் கன்று எடுக்காதீர்கள். கொடுப்பது ஈட்டி இலைக் கன்றாக, அதாவது ஈட்டிபோல் குறுகிய இலை உள்ள கன்றாக இருக்கட்டும். எந்த மூட்டிலிருந்து யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.