மாதச் சம்பளக்காரர்களின் சிக்கனம்

வணக்கம் ஐயா,

மலேசியாவில் கிள்ளானில் பிறந்து இப்போது சுபாங் ஜெயாவில் இருக்கிறேன். என் தாத்தா சேலம் பக்கமிருந்து ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு கப்பலேறி வந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கணவரின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தோட்டக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா தேசியப் பள்ளியிலா என்ற பேச்சில் மாமியார், "படிப்பும் சிக்கனமும் எங்கள் ரத்தத்தில் இருக்கு. தோட்டத்துச் சனத்துக்குத் திருவிழாவும் மொய்யும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஒருவரின் குணம் வம்சத்தில் வருகிறதா, வசதியில் வருகிறதா? பூர்வீகம் கண்டுபிடிக்கும் எச்சில் பரிசோதனை செய்துபார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பரிசோதனைக்கு வைத்திருக்கும் காசில் மகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்தப் பள்ளி என்பதை நீங்களும் கணவரும் பேசி முடிவு செய்யுங்கள், அதில் எனக்கு வேலையில்லை. ஆனால் மாமியார் சொன்ன சிக்கனம் இருக்கிறதே, அதை விடமாட்டேன். கொஞ்ச நாளாகவே அது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானும் கிராணி வீட்டுப் பிள்ளைதான். மழைக்காலத்து விடியற்காலையில் அப்பா குடை பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போவார். எதிரே தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்களில் ஆட்கள் வானத்தைப் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். பட்டை நனைந்துவிட்டால் மரம் சீவ முடியாது. சீவினாலும் பால் சீவிய கோட்டில் நிற்காமல் வழிந்து, பால் பிடிக்கும் மங்குக்குப் போகாமல் மரமெல்லாம் ஒழுகும். சீவவில்லையென்றால் அன்றைக்கு வருகைப் பதிவில் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் கூலி இல்லை. மழை விட்டால் இலையுதிரும் மாதங்கள் வரும், அப்போது மரத்தில் பாலே குறைந்துவிடும். அப்பாவுக்கோ மழையானாலும் வெயிலானாலும் மாதம் பிறந்தால் சம்பளம். அதே மழையைப் பார்த்துக்கொண்டே என் அப்பாச்சி சொல்வார்: "அவையளுக்குக் காசு சேர்க்கத் தெரியாது."

எவ்வளவு வரும் என்று தெரிந்தவனால்தான் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட முடியும். நாள் கூலிக்காரன் கையில் கிடைத்ததைச் சனங்களிடம் போட்டு வைக்கிறான். மொய் வேறென்ன? இன்று உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வைத்தது நாளை என் வீட்டுச் சாவுக்குத் திரும்பி வரும். இதை ஊதாரித்தனம் என்பவர்கள் மழைநாளில் சம்பளம் வாங்கியவர்கள். தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டுப் போராடியது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதையில்லை, 2000ஆம் ஆண்டையொட்டியும் நடந்தது.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. சுதந்திரத்தையொட்டிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் போயின. 1960இல் ம.இ.கா. கட்சித் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள், அப்புறம் இன்னும் பல. 'சேர்க்கத் தெரியாத' அதே சனம்! நம்பிப் போடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது, போட்டார்கள்.

படிப்பு விஷயம் இன்னும் சுலபம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் வந்திறங்கியது, 1823இல் வட்டுக்கோட்டையில் இங்கிலீஷ் படிப்புச் சொல்லிக்கொடுத்த செமினரி வந்தது. மலாயாவில் ரயில் போட்டபோது இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, அங்கே ஆள் தயாராக இருந்தது. உங்கள் தாத்தா பக்கமோ, பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று தோட்டங்களுக்குச் சட்டம் வந்ததே 1923இல்தான். பல இடங்களில் வாத்தியாரும் கிராணியோ கங்காணியோதான். எங்கள் முன்னோருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை ரத்தம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

நீங்கள் கிள்ளான்காரர். 1941இல் உங்கள் ஊர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி, வேலை நேரத்தோடு இன்னொன்றும் கேட்டார்கள்: வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. பட்டாளம் வந்து சுட்டது, ஆட்கள் செத்தார்கள். என் தாத்தாவுக்காகவும் யாரோ இறங்கியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'மரியாதை தெரிந்த காலம்' என்று பெயர்.

சரி, உங்களுக்கும் ஒரு குட்டு. இதையெல்லாம் படித்துவிட்டு 'உழைத்த வம்சம், அதனால் நாங்கள்தான் நல்லவர்கள்' என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் மாமியார் பேச்சுதான். கடிதம் முழுக்க மாமியாரும் கணவரும் இருக்கிறார்கள், உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை என்னிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாத்தா அந்த நிலநிதிச் சங்கத்தில் பங்கு கட்டினாரா என்று கேளுங்கள். கட்டியிருந்தால் பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் வாரிசுப் பெயருக்கு மாற்றுகிற வேலையைப் பாருங்கள்.