பங்குனி வறட்சியில ஆடு மாடு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கமுங்க. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கமே முப்பது வருசத்துக்கு மேல மாட்டு டாக்டரா சுத்திட்டு இப்ப ரிட்டயர் ஆகி வீட்டோட இருக்கேன், கூட கொஞ்சம் கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) நாப்பது தென்னையும் கிடக்குது. தை கடைசில ஒரு தூத்தல் போட்டது, அதோட சரி. பங்குனி முடியப்போகுது, வானத்துல ஒரு மேகத்தைக் காணோம். ஆடு மாடு பத்தி கேளுங்க, சொல்றேன். பயிர் பத்தி கேட்டா எனக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தான். கடன், காப்பீடு, நிவாரணம் எப்ப வரும்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க.

கிளுவைவேலி: டாக்டர் சார், கொறங்காடு மொத்தமா காஞ்சு போச்சுங்க. 25 செம்மறி, ஒரு காங்கயம் மாடு, ஒரு கிடேரி. ஆடி வரைக்கும் தாங்குமா, இப்பவே வித்துடலாமா?

காஞ்சு போச்சுன்னா என்ன காஞ்சுதுன்னு பாருங்க தம்பி. கொழுக்கட்டைப் புல் மேல பழுப்பா நின்னா அது சாகல, தூர் உசுரோடதான் இருக்கும், ஒரு மழைக்கு துளிர்த்துடும். ஆனா அந்தத் தூரையும் ஆடுங்க குளம்பால கிளறி மண்ணோட மண்ணா மேய்ஞ்சிட்டா அடுத்த வருசத்துக்கும் புல் கிடையாது. அதனாலதான் நம்ம பாட்டன் பூட்டன் காட்டை கிளுவை வேலி போட்டு துண்டு துண்டா பிரிச்சு வெச்சாங்க, ஒண்ணுல மேய ஒண்ணு ஆறும். இப்ப வேலியெல்லாம் பிரிச்சுட்டு ஒரே காடா விட்டுட்டு புல் இல்லைங்கறோம். உங்க காட்டுல வெள்வேல் மரம் இருந்தா இன்னும் கொஞ்ச நாள்ல காய் கொட்டும், இந்தப் பஞ்சகாலத்துக்குன்னே வெச்ச மாதிரி நல்ல புரதம் இருக்கற காய் அது. பொறுக்கி மூட்டை கட்டி வெச்சுக்கங்க, சாயங்காலம் பட்டிக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு கை போடுங்க.

விக்கறது பத்தி. வித்தே ஆகணும்னா இப்ப விக்கணும், சித்திரை கடைசில இல்ல. 2016ல வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல பொய்ச்சுப் போச்சே, அடுத்த கோடைல சந்தைக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ஓட்டிட்டு வந்தாங்க, எலும்பும் தோலுமா வந்த உருப்படிக்கு கேட்ட விலையை நான் இங்க எழுதல. கிழடு, பல்லு போனது, ரெண்டு ஈத்து தங்காதது, கெடாக்குட்டி, இதுகளை உடம்புல கறி இருக்கும்போதே தள்ளிட்டு சினையாட்டையும் கிடேரியையும் கையில வெச்சுக்கங்க. காங்கயம் மாட்டை விக்காதீங்க, அது நம்மளை விட தாங்கும்.

இன்னொண்ணு, இதை நான் இன்னைக்கு பத்து தடவை சொல்லப்போறேன். காயறப்ப ஆடு மாடு பொசுக்குன்னு சாகறதில்ல, இளைக்கும், அவ்வளவுதான். கூட்டமா சாகறது முதல் மழை பெஞ்ச அப்புறம். ஒரு மழை பெஞ்சதும் பச்சையைப் பாத்து சந்தோசப்பட்டு அவுத்து விடறோம், காஞ்ச வயித்துல இளம்புல்லு மடமடன்னு போகுது, குடல்ல சும்மா கிடந்த கிருமி பெருகி விசத்தைக் கக்குது. இதுக்குப் பேர்தான் துள்ளுமாரி. நல்லா கொழுத்த குட்டிதான் முதல்ல துள்ளி விழும். இதுக்குத் தடுப்பூசி மழைக்கு முன்னாடியே போடணும், போட்டு ரெண்டு வாரமாவது ஆகணும் வேலை செய்ய.

மூலனூர்க்காரன்: சோளம் விதைச்சு 35 நாள் ஆச்சு, தண்ணியில்லாம முழங்கால் உசரத்துலயே சுருண்டு நிக்குது. எப்படியும் கதிர் வராது, அறுத்து மாட்டுக்குப் போட்டுடலாமுங்களா?

போடாதீங்க. முதல்ல இதைப் படிச்சுட்டு மாட்டை அந்தக் காட்டுப் பக்கம் கட்டியிருந்தா அவுத்து வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க, அப்புறம் மீதியைப் படிங்க.

சோளப்பயிர்ல இயற்கையாவே ஒரு பொருள் இருக்கு, மாடு மென்னா அது சயனைடா மாறும், ஆமா, அந்த சயனைடேதான். இளம்பயிர்ல அதிகம், வளர வளர குறையும். பயிர் வாடி நின்னா இன்னும் ஏறும். அறுத்த கட்டையில வர மறுதாம்புத் துளிர்ல எல்லாத்தையும் விட அதிகம். நீங்க சொல்றது இளசு, வாடினது ரெண்டும் சேர்ந்தது. தின்ன பத்து பதினஞ்சு நிமிசத்துல மூச்சு வாங்கும், தள்ளாடும், கீழ விழுந்து காலை உதைக்கும். ஈறு, கண்ணு உள்பக்கம் எல்லாம் செக்கச்செவேல்னு இருக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தும் உடம்பு அதை எடுத்துக்க முடியாம மூச்சடைச்சு சாகுது. இதுக்கு மருந்து உண்டு, நரம்புல ஊசியா போடணும், சோடியம் தயோசல்பேட்டு. ஆனா டாக்டர் வண்டி எடுத்து வர்ற நேரத்துக்குள்ள பாதி மாடு போயிடும். என் சர்வீஸ்ல நான் போய் சேர்ந்து காப்பாத்தினதை விட போய் போஸ்ட்மார்ட்டம் பண்ணினதுதான் ஜாஸ்தி.

அந்தப் பயிரை என்ன பண்றது? அறுத்து வெயில்ல நல்லா மொறுமொறுன்னு தட்டா (காஞ்ச சோளத்தாள்) காய விடுங்க, சயனைடு பெருமளவு பறந்துடும். இல்ல குழில போட்டு மூடி ஊறுகாய்ப்புல்லா பண்ணி ஒரு மாசத்துக்கு மேல விட்டு எடுங்க. வாடாம நின்னு பூ எடுத்த பயிர்னா பச்சையாவே போடலாம். ஒரு எச்சரிக்கை, காட்டுக்கு யூரியா வீசியிருந்தா நைட்ரேட்டுன்னு இன்னொரு விசம் தண்டுல சேரும், அது காயவெச்சாலும் போகாது. யூரியா போட்ட வாடிய பயிர்னா கொஞ்சமா, மத்த தீவனத்தோட கலந்து மட்டும் குடுங்க.

ஈரோட்டு மஞ்சள்: மஞ்சள் விலை இன்னும் ஏறுமுங்களா?

எனக்கு எப்படிங்க தெரியும். வேக வெச்சு களத்துல காயப்போட இந்த வெயில் நல்ல வெயில், அதுவரைக்கும் சொல்வேன்.

பால்காரம்மா: ரெண்டு கலப்பின மாடுங்க, மாசி வரைக்கும் நாளுக்கு 18 லிட்டர், இப்ப 12. சொசைட்டில கொழுப்பும் குறையுதுன்னு விலையைக் குறைச்சுட்டாங்க.

அம்மணி, முதல்ல தண்ணி எவ்வளவு காட்டறீங்கன்னு அளந்து பாருங்க. பால் மாட்டுக்கு இந்த வெயில்ல நாளுக்கு 80, 100 லிட்டர் கூட வேணும். காலைல ஒரு குடம் சாயங்காலம் ஒரு குடம் காட்டிட்டு பால் இல்லைன்னா எங்கிருந்து வரும். தாழி எப்பவும் நிறைஞ்சிருக்கணும், நிழல்ல இருக்கணும், வெயில்ல கொதிச்ச தண்ணியை மாடு மோந்து பாத்துட்டு போயிடும். தீவனத்தை விடிகாலைலயும் ராத்திரியும் போடுங்க, மத்தியானம் போட்டா அசை போடற சூடும் வெயில் சூடும் சேர்ந்து மூச்சு இறைக்கும். சூட்டுல மாடு தட்டை ஒதுக்கிட்டு புண்ணாக்கு தவிடை மட்டும் பொறுக்கும், நார் குறைஞ்சா கொழுப்பு குறையும், சொசைட்டிக்காரங்களைத் திட்டி பிரயோஜனம் இல்ல. அகத்தியோ முருங்கைத் தழையோ தினம் ஒரு கட்டு போடுங்க, வெறும் வைக்கோல்லயே மாசக்கணக்கா ஓட்டினா விட்டமின் ஏ இல்லாம கன்னுக்குட்டிக்கு கண்ணு மங்கும். தாது உப்பு 50 கிராம்.

பங்குனி உத்திரம், சித்திரை நோம்பின்னு மீந்த பொங்கச்சோத்தை வாளி வாளியா கொண்டுபோய் ஊத்தாதீங்க. பாசத்துல பண்றதுதான், ஆனா வயித்துல அமிலம் ஏறி மாடு படுத்துடும்.

சின்னத்தம்பி_88: சார் சோளப்பயிர் மாட்டுக்குப் போடலாமா, ஒரு மாசப் பயிர்.

மேல மூலனூர்க்காரனுக்குச் சொன்னதைப் படிங்க.

பொள்ளாச்சி இளநி: தென்னைல குரும்பைப் பிஞ்சு கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. மாட்டு டாக்டர் கிட்ட கேக்கறேன்னு கோவிக்காதீங்க.

கோவமில்லீங்க, என் நாப்பது மரத்துலயும் அதே கூத்துதான். தென்னையோட கஷ்டம் என்னன்னா அது இன்னைக்குப் பட்ட அடியை இன்னைக்கு முழுசா காட்டாது. ஒரு பாளை குருத்துக்குள்ள உருவாகி வெளிய வர ரெண்டரை வருசத்துக்கு மேல, அப்புறம் காய் முத்த ஒரு வருசம். இப்ப கொட்டற குரும்பை கண்ணுக்குத் தெரியுது, உள்ள கருகற பாளை ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும், அப்ப மழை நல்லா பெஞ்சிருக்கும், என்ன நோய்னு தெரியலையேன்னு மருந்து வாங்கி அடிப்பீங்க. வட்டப்பாத்தில மரத்தைச் சுத்தி ஆறடிக்கு தேங்காய் மட்டையைப் பரப்புங்க, மரத்துக்கு நூறு மட்டை, முதுகு மேல பாக்கற மாதிரி. இருக்கற தண்ணியை வாய்க்கால்ல விடாம சொட்டுநீர்ல குடுங்க. சுருள் வெள்ளை ஈ காஞ்ச நாள்ல ஜாஸ்தியா வரும், 2016ல இந்தியாவுலயே முதல்ல தென்பட்டது உங்க பொள்ளாச்சி பக்கம்தான், அதுக்கு விசம் அடிக்காதீங்க, அதைத் தின்னு அழிக்கற ஒட்டுண்ணி குளவியும் சேர்ந்து செத்துடும். ஓலைக்கு அடியில படற மாதிரி தண்ணியை வேகமா பீச்சுங்க, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க.

களத்துமேடு: யூரியா போட்ட வைக்கோல் நல்லதா கெட்டதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஒழுங்கா பண்ணா நல்லது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணில கரைச்சு அடுக்கடுக்கா தெளிச்சு மிதிச்சு, தார்ப்பாய் போட்டு காத்துப் புகாம மூடி 21 நாள். எடுத்ததும் காத்தாட விட்டு வாடை போனப்புறம் போடணும். ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற கன்னுக்கு வேண்டாம். கரைச்ச தண்ணியை வாளியில அப்படியே வெச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, மாடு குடிச்சா போச்சு.

ராமநாதபுரம் ஆட்டுக்காரன்: எங்க பக்கம் வெயில் காலத்துல ஆடெல்லாம் சீமைக்கருவேலங்காய் தின்னுதான் உசுரோட கிடக்கு. மாட்டுக்கும் குடுக்கலாமா?

பழுத்து மஞ்சளா விழுந்த காய் நல்ல இனிப்பு, நல்ல தீவனம். காயவெச்சு அரைச்சு கலப்புத் தீவனத்துல அஞ்சுல ஒரு பங்குக்குள்ள சேருங்க. மாடு வேற எதுவும் இல்லாம அதையே வாரக்கணக்கா தின்னா தாடை தளர்ந்து மெல்ல முடியாம எச்சி ஒழுகிட்டு இளைச்சுப் போகும். முழுசா போட்டா சாணியில விதை வந்து காடெல்லாம் முளைக்கும், அதனாலதான் அரைக்கச் சொல்றேன்.

பசுமைப் போராளி: ஒரு டாக்டரே இப்படி எழுதலாமா? காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி மழையையே விரட்டற மரம் அது. அந்த மரத்துல கட்டின மாடு மலடாயிடும்னு எல்லாருக்கும் தெரியும்!

எனக்குத் தெரியாதுங்களே. ஆயிரக்கணக்கா மாட்டுக்கு சினை பாத்திருக்கேன், மரத்தைப் பாத்து மலடான மாட்டை இன்னும் பாக்கல. தீவனம் பத்தாம, தாது உப்பு இல்லாம பருவத்துக்கு வராத மாடுதான் பாத்திருக்கேன், அந்த மாடு வறண்ட ஊர்ல இருக்கும், வறண்ட ஊர்ல சீமைக்கருவேலும் இருக்கும், ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. காத்து ஈரத்தை உறிஞ்சறதும் கதைதான், எல்லா மரமும் வேர்ல உறிஞ்சி இலைல வெளிய விடுது. இதோட வேர் ஆழமா போகுது, அது நிஜம்.

கரிமூட்டம்: சரியா சொன்னீங்க ஐயா. எங்களுக்கு மழை இல்லாத வருசம் அந்த மரத்துக் கரிதான் சோறு. 2017ல கோர்ட்டு வெட்டச் சொன்னப்ப எங்க ஊரே கலங்கிப் போச்சு.

பசுமைப் போராளி: கோர்ட்டே சொன்னப்புறம் என்ன பேச்சு? யார் கிட்ட காசு வாங்கிட்டு எழுதறீங்க?

பென்சன் வாங்கிட்டு எழுதறேன். ஹைகோர்ட்டு மதுரைக் கிளை வெட்டச் சொன்னது நிஜம், ஆராயாம வெட்டக்கூடாதுன்னு வழக்குப் போய் சில மாசத்துலயே அதை அப்போதைக்கு நிறுத்தி வெச்சதும் நிஜம், அந்த ரெண்டாவது சேதியை யாரும் வாட்ஸப்புல அனுப்பல போலருக்கு. தம்பி, நான் ஒண்ணும் அந்த மரத்துக்கு ரசிகன் இல்ல. என் கொறங்காட்டுல ஒரு கன்னு முளைச்சாலும் அன்னைக்கே வேரோட புடுங்கறேன், ஏன்னா அது புகுந்தா கொழுக்கட்டைப் புல் போயிடும், வெள்வேல் கன்னு எந்திரிக்காது. குளம், கண்மாய், ஓடைல இருந்து எடுக்கணும், சரி. ஆனா எடுத்த இடத்துல ஆடு திங்க என்ன வெச்சீங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க. பங்குனில ராமநாதபுரத்து ஆட்டுக்காரர் கிட்ட போய் காயைக் குடுக்காதேன்னா அவர் போராட்டத்தையா அறுத்துப் போடுவாரு?

பசுமைப் போராளி: நீங்க அறிவியல் பேசறீங்க, நாங்க அனுபவம் பேசறோம்.

அனுபவம்னா எந்த ஊர், எந்த மாடு, எத்தனை ஈத்துன்னு எழுதுங்க, உக்காந்து பேசலாம். இதோட இந்தப் பேச்சு போதும், நாப்பது கேள்வி கீழ நிக்குது.

ஏற்காடு மிளகு: காப்பிக்குப் பூ மழை இன்னும் வரலைங்க.

என் துறை இல்லீங்க. காப்பி வாரியத்து விரிவாக்க ஆளைக் கேளுங்க.

நாட்டுக்கோழி: மத்தியானம் கோழி வாயைத் திறந்துட்டு இறக்கையை விரிச்சு நிக்குது.

அதுக்கு வேர்க்காது, அப்படித்தான் சூட்டை விடும். கூரை மேல தென்னங்கீத்து போட்டு நனைங்க, பத்து மணிக்கு மேல நாலு மணி வரைக்கும் தீவனம் வேண்டாம், பானைத் தண்ணி மாத்தி மாத்தி வைங்க.

விவசாயி மகன்: சார் வாடின சோளப்பயிர் தின்னா வெல்லத்தண்ணி குடுத்தா சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்களே?

விழுந்த மாட்டுக்கு வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போய் அதுலயே சாகும். பொழைச்ச மாடு கொஞ்சமா தின்னு பொழைச்சிருக்கும், பேர் வெல்லத்துக்கு. கூட ஒரு தடவை சொல்றேன், வாடின சோளம், மறுதாம்பு சோளம், பச்சையா வேண்டாம். இனி சோளம்னு யாராவது கேட்டா பதில் கிடையாது.

போர்வெல் ராஜா: 1100 அடி போட்டும் தண்ணி இல்ல, இன்னும் 200 அடி போடலாமா?

அந்தக் காசுக்கு தட்டு வாங்கி போர் போடுங்க.

கோ29: கோ 29 தீவனச்சோளம் அறுத்து பதினஞ்சு நாள், மறுபடி துளிர்...

தம்பி.

கிளுவைவேலி: டாக்டர் சார், திரும்ப நான்தானுங்க. இங்க வெள்ளகோவில் பக்கம் இப்ப ஒரு மணி நேரமா இடியும் மழையும் கொட்டுது! சித்திரைக்கு முன்னாடியே வந்துடுச்சு. காலைல ஆட்டை எத்தனை மணிக்கு அவுத்து விடறது?

வெறும் வயித்தோட அவுக்காதீங்க. நாளைக்கு மட்டுமில்ல, இன்னும் ஒரு வாரம் பத்து நாளைக்கு காலைல தட்டு போட்டு வயிறு நிரப்பிட்டு அப்புறம் ஒரு மணி நேரம் மட்டும், அப்படியே மெதுவா கூட்டிக்கலாம். துள்ளுமாரி ஊசி போட்டீங்களா இல்லையா? போடலைன்னா காலைல முதல் வேலையா ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஆனா இன்னைக்குப் போட்டா நாளைக்கே காப்பாத்தும்னு நினைச்சுக்காதீங்க. பக்கத்துக் காட்டுல அறுத்த சோளக்கட்டை இருக்குதான்னு பாருங்க, இருந்தா அந்தப் பக்கத்து வேலி ஓட்டையை இன்னைக்கே முள்ளு வெச்சு அடைங்க. மீதிப் பேருக்கு நாளைக்கு எழுதறேன், இங்கயும் காத்து கிளம்புது, வெளிய கிடக்கற தட்டை மூடிட்டு வரேன்.