எம்20 கேஸில் எம்21 பேரல்: கம்ப்ரஷன் ஏன் வரவில்லை

எம்20 கேஸில் (கிராங்க் இருக்கும் கூடு) எம்21 பேரலை மாட்டி, பிஸ்டன் ரிங்கை மாற்றியும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், வரவில்லை என்கிறீர்கள். ரிங்கை மறுபடி மாற்றாதீர்கள், குறை அங்கே இருக்க வாய்ப்பு குறைவு. பிஎஸ்ஏ எம்20 பைக்கின் கிராங்கின் (பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டும் தண்டு) மேல், இன்னொரு மாடலான எம்21-இன் பேரலை (சிலிண்டர்) மாட்டியிருப்பீர்கள். அதனால் பிஸ்டன் மேலே எட்டுவதில்லை, கிக்கரும் காற்றில் உதைப்பது போல இறங்குகிறது.

இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஒன்றுதான், 82 மி.மீ. பிஸ்டன் அழகாக உட்கார்ந்ததும் எல்லாம் சரி என்று தோன்றிவிடும். ஆனால் ஸ்ட்ரோக் (பிஸ்டன் அடியிலிருந்து உச்சிவரை நகரும் தூரம்) எம்20-க்கு 94, எம்21-க்கு 112. வித்தியாசம் 18, அதில் பாதி மேலே. கிராங்க் கணக்கில் மட்டும் மேலே 9 மி.மீ. குறைகிறது.

ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடி) கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போதும் அடியில் நிற்கும்போதும் பேரல் விளிம்பிலிருந்து ஆழத்தை அளந்து கழியுங்கள். 94 வந்தால் நான் சொன்னதுதான். அப்புறம், பேரலின் உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். பழைய ரிங் தேய்த்த இடம் முடிகிற மேட்டில் நகம் தட்டும். உங்கள் ரிங் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

112 வந்தால் கிராங்க் சரி. வால்வு சரியாக மூடுகிறதா, டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸில் அடித்த எண்ணை நம்பி உதிரி வாங்காதீர்கள், அது கேஸை மட்டுமே சொல்லும். ஃப்ளைவீல் (கிராங்கின் கனமான சக்கரம்), கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு), பேரல் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். என்னைக் கேட்டால் எம்20 பேரலைத் தேடுவதே நல்லது, நல்ல கிராங்கை ஏன் பிரிக்க வேண்டும்? தலைகீழாக, எம்21 கிராங்கில் எம்20 பேரலை மாட்டிப் பார்க்க நினைத்தால் மட்டும் கிக்கரைத் தொடவே வேண்டாம். பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும்.