தழும்பு எந்தக் கன்னத்தில்?

கேள்வி: ரீஜென்சி காலத்து (1811-20) லண்டனை வைத்து ஒரு காதல் தொடர்கதை எழுதுகிறேன். நாயகன், வாட்டர்லூவில் பிரெஞ்சுக் குதிரை வீரனோடு நேருக்கு நேர் மோதி வலது கன்னத்தில் வாள்வெட்டு வாங்கிய கேப்டன். மூன்று மாதம் கழித்து லண்டன் நடன விருந்தில் எர்ல் பட்டம் பெற்ற பிரபு ஒருவரின் மகளைச் சந்திக்கிறான். வெள்ளி மின்னும் தழும்பு, அதை மறைக்கத் தாடி. படித்துப் பார்த்த தோழி, ‘என்னவோ ஒட்டவில்லை’ என்கிறாள். எங்கே தவறு?
- வாசகி, திருச்சி

பதில்: காதலில் தவறில்லை, காலண்டரில்தான் இருக்கிறது. வாட்டர்லூ போர் 1815 ஜூன் 18. மூன்று மாதம் கூட்டினால் செப்டம்பர். பார்லிமென்ட் கூட்டம் முடிந்து, பிரபு வீட்டார் வேட்டைக்காகக் கிராமத்து மாளிகைகளுக்குக் கிளம்பியிருப்பார்கள். லண்டன் சீசன், அதாவது பிரபுக்களின் விருந்துக் காலம், களைகட்டுவது ஈஸ்டருக்குப் பிறகு. ஆகவே சந்திப்பை 1816 மே மாதத்துக்குத் தள்ளுங்கள். கூடவே ஒரு லாபம் உண்டு. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816இல் இங்கிலாந்துக்குக் கோடையே சரியாக வரவில்லை, குளிரும் மழையும்தான். குளிரில் தழும்பு இறுகும், நிறம் கருஞ்சிவப்பாகும். ஜூனிலும் கணப்பருகே நிற்கும் நாயகனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

தழும்பு வெள்ளியாக வெளுக்க ஒன்றிரண்டு வருடம் ஆகும். மூன்று மாதத்தில் அது சிவந்து தடித்திருக்கும். பதினோரு மாதத்தில் இளஞ்சிவப்பு.

அடுத்தது பக்கம். வலக்கைக்காரன் எதிரில் நின்று வாளை ஓங்கினால் வெட்டு இடது கன்னத்தில் விழும். வலதுதான் வேண்டுமென்றால் எதிரி வாளைப் புறவாக்கில் திருப்பி வீசியிருக்க வேண்டும், அல்லது பின்னாலிருந்து வெட்டியிருக்க வேண்டும். பின்னால் என்றால், ‘கேப்டன் முதுகு காட்டி ஓடினானா?’ என்று விருந்துகளில் முணுமுணுப்பார்கள். வம்பு வேண்டாம் என்றால் இடதுக்கு மாற்றுங்கள். எனக்கென்னவோ அந்த வம்பு பிடித்திருக்கிறது.

கன்னத்தில் ஆழமாக வெட்டினால் முகநரம்பின் கிளை அறுபடும். அந்தப் பக்க உதடு மேலே ஏறாது. அவன் சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும். அதை அவள் ஏளனம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு அத்தியாயத்துக்குப் போதும். தையல் போட்டபோது மயக்க மருந்து கொடுத்ததாக எழுதிவிடாதீர்கள். ஈதர் 1846இல்தான் அறுவைக் கூடத்துக்கு வந்தது. இவனுக்குக் கிடைத்தது ஊசி, நூல், பிளாஸ்திரி, கொஞ்சம் பிராந்தி, பிறகு அபின் கலந்த லாடனம்.

தாடியை எடுத்துவிடுங்கள். அன்றைய கனவான்கள் கிருதா வைப்பார்கள்; ஹுஸார் போன்ற சில குதிரைப்படையினர் மீசை வைப்பார்கள்; தாடி கிடையாது. தழும்பின் மேல் மயிர் முளைக்காது என்பதால் தாடியும் நடுவே வகிடு எடுத்ததுபோல்தான் நிற்கும். அதற்குப் பதில் சவரக் காட்சி வையுங்கள். கத்தி அந்த மேட்டில் தட்டும். நாக்கை உள்ளிருந்து கன்னத்தில் அழுத்தித் தோலை இழுத்துப் பிடித்து, தழும்பின் ஓரமாக, குறுக்கே போகாமல் வழிக்க வேண்டும். அவசரப்பட்ட நாளில் கழுத்துத் துணியில் ரத்தப் பொட்டு.

எர்லின் மகளை ‘மிஸ்’ என்று எழுதாதீர்கள். பெயருக்கு முன் ‘லேடி’. கேப்டனைக் கட்டிக்கொண்டாலும் அது போகாது. காலாட்படை கேப்டனின் சம்பளம் ஒரு நாளைக்குப் பத்தரை ஷில்லிங், வருடத்துக்கு 190 பவுண்டுச் சொச்சம். அப்பா முகம் சுளிக்க இது போதும். அவளுக்கு 21 நிறையவில்லை என்றால் அப்பா சம்மதமின்றித் திருமண லைசென்ஸ் கிடைக்காது. மிச்சம், அப்பா சம்மதம் கேட்காத ஸ்காட்லாந்துக்கு ஓடி, எல்லை தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் கிராமத்தில் கல்யாணம்.

விருந்துக்கு வருவோம். யாராவது முறைப்படி அறிமுகப்படுத்தாமல் அவன் அவளை ஆட அழைக்க முடியாது. இரண்டு ஆட்டத்துக்கு மேல் சேர்ந்து ஆடினால் நிச்சயதார்த்தப் பேச்சு கிளம்பிவிடும். ஆடும்போது இருவர் கையிலும் உறை. அவளுடையது முழங்கைக்கு மேலே போகும். உங்கள் கதையில் அவள் வெறும் விரலால் தழும்பைத் தொட வேண்டுமானால், உறையைக் கழற்றும் ஒரே இடம் இரவுச் சாப்பாட்டு மேசை. ஆல்மாக்ஸ் என்ற பிரபுக்களின் நடன மன்றம் வேண்டாம், அங்கே மெல்லிய ரொட்டியும் வெண்ணெயும்தான். யாராவது ஒரு சீமாட்டியின் வீட்டு விருந்தாக வையுங்கள். அவன் வழக்கம்போல் தழும்பு சுவர்ப் பக்கம் இருக்கும்படி நாற்காலி தேடுவான். அன்று அந்தச் சுவரோர நாற்காலியில் அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கட்டும், உறை மடியில் கிடக்க.